மூன்றாவது வளைவில் கிடந்த மண்

ஹாரன் என்று நான் செல்லமாகக் கூப்பிடும் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, என் இடது முழங்கால் ஆகிய மூவரும் சௌக்கியம், மூன்றாமவர் மட்டும் படிக்கட்டைக் கண்டால் அதை மறுத்துப் பேசுகிறார். உன் சௌக்கியமும், உன் பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்துகொண்டு வந்து உட்காருகிறவர்களின் சௌக்கியமும் அறிய ஆவல். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். உன் அம்மா பேசி முடித்து என் கைக்குப் போன் வரும்போது எனக்கு மிஞ்சுவது "சரிப்பா, வெச்சிடறேன்" என்கிற ஒரு வரிதான், அதோடு இந்த விஷயத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. முதலில் ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் பேனாவை மூடி வை. போட்டுவிட்டாய் என்றால் தபாலில் சேர்த்துவிடாதே. இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி, அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

காகிதத்தோடு நான் எழுதி அனுப்பியது நாலே வரி, அதனால் முழுக் கதை உனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் சரிவு நிலம் நம் மூன்று பேர் பெயரிலும் இருக்கிறது, அதை யாருக்குக் கொடுப்பதானாலும் மூன்று கையெழுத்து வேண்டும். லாரிக்காரர் ஒருவர் வந்து கேட்டார். மேட்டை வெட்டிச் சமன்படுத்தி எட்டு லாரி நிறுத்தப் போகிறாராம். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காலையில் கதவைத் திறந்ததும் எட்டு இன்ஜின் சத்தம் கேட்கும் என்றால் ஆசையாக இருக்காதா, சொல். நிலமும் செத்த நிலம் என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை வருஷம் மரவள்ளி நட்டிருப்பேன், கிழங்கு என் சுண்டுவிரல் தடிமனைத் தாண்டியதில்லை. மண்வெட்டி போட்டால் கல், மழை முடிந்து மறுபடி போட்டால் இன்னும் கொஞ்சம் கல். முழங்காலும் கைவிட்டுவிட்டது. ஆகவே உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அவள் தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பொண்ணு போட்டா நானும் போடறேன்" என்றாள், அவ்வளவுதான். அதனால்தான் காகிதம் உனக்கு வந்தது. அன்று முதல் எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. போன மழைக்காலம் முடிந்த கையோடு வேளாண்மை அலுவலகத்துக்குத் தைத்த திரைச்சீலைகளைக் கொடுக்கப் போனவள், அங்கே நடந்துகொண்டிருந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தவள், சரிவு நிலத்தை இனி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கும் நிம்மதிதான், ஒரு வருஷம் பார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மூன்று குச்சிகளை ஆங்கில A எழுத்து மாதிரிக் கட்டி, உச்சியிலிருந்து ஒரு நூலில் தன் உடைந்த கத்தரிக்கோலைத் தொங்கவிட்டு, அதைச் சரிவில் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். நூல் குறுக்குக் குச்சியின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது என்று அர்த்தமாம். அந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைத்தாள், புள்ளிகளைச் சேர்த்து வெட்டிவேர்ப் புல்லை வரிசையாக நட்டாள். கோடு சரிவோடு வளைந்து வளைந்து போயிற்று, ஒன்றுகூட நேராக இல்லை. நடுநடுவே வாழை, பப்பாளி, சேனை, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு. எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த இலை, வெட்டிய கிளை, வாழைச் சருகு என்று முழங்கால் உயரத்துக்குக் குப்பை. அதற்கு மூடாக்கு என்று பேர் சொன்னாள். மண்ணுக்குப் போர்வையாம். நான் தலையணை எப்போது வரும் என்று கேட்டேன், அவள் சிரிக்கவில்லை.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். டிப்போவிலேயே என் பஸ்ஸில்தான் தரை பளபளக்கும், ஒரு டிக்கெட் துண்டு கிடந்தால் எனக்குக் கிளச் மிதிக்க வராது. அப்படிப்பட்டவனை அந்த நிலத்தைப் பார்க்கும்படி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் என்று எட்டு நாள் போய்விட்டாள் உன் அம்மா. (சித்தி சௌக்கியம், இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுவரை தெரிகிறதாம்.) போகும்போதுகூட என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அலமாரியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள். கையெழுத்து விஷயம் எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் திரும்பி வரும்போது மனம் குளிரும்படி ஏதாவது செய்து சமாதானம் ஆகிவிடலாம் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

நிலத்தைச் சுத்தம் செய்தேன், மகளே. வலது பக்க ஓரத்திலிருந்து ஆரம்பித்து, விளக்குமாறும் வாரியும் வைத்துக்கொண்டு, ஒரு சருகு விடாமல் கூட்டி அள்ளினேன். மண்ணைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. குப்பையை மலைபோலக் குவித்துக் கொளுத்தினேன். அத்தோடு விட்டேனா? அந்த வளைந்த கோடுகள் என் கண்ணை உறுத்தின. வாழ்க்கையில் பாதியைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் ஒடித்தே கழித்தவனுக்கு, சொந்த நிலத்திலும் வளைவா என்று இருந்தது. பாவம், தையல்காரிக்கு நீளமாக நேர்க்கோடு போட வரவில்லை என்று முடிவு செய்துகொண்டு, வலது பாதியில் இருந்த புல்லையெல்லாம் பிடுங்கி, கயிறு கட்டி, உச்சியிலிருந்து அடிவாரம் வரை நெடுஞ்சாலைக் கோடு மாதிரி நேர் நேராக நட்டேன். சரியாகப் பாதி நிலம் முடிந்தபோது முழங்கால் உட்கார்ந்துவிட்டது. நானும் அதோடு உட்கார்ந்துவிட்டேன். அன்று அதைத் திட்டினேன். இன்று அந்த முழங்காலுக்கு மாலை போட வேண்டும்.

உன் அம்மா வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்காமல் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணை மூடச் சொல்லி வேறு காட்டினேன். கண்ணைத் திறந்தவள் சாம்பல் குவியல் பக்கத்தில் போய்க் குந்தி, அதில் ஒரு பிடி எடுத்து, கையை விரித்து, காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகத் தினம் காலையில் தைக்க உட்காரும் முன்னால் ஒரு கூடை, சாயங்காலம் மெஷினை மூடிய பிறகு ஒரு கூடை என்று தெருத்தெருவாக அள்ளி வந்து போட்டது அது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் மறுபடி வளைத்து நட்டுத் தருகிறேன் என்றேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, இனி நட்டாலும் வேர் பிடிக்க நாளில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "உங்க பாதி இப்படியே இருக்கட்டும். நான் சொல்லி உங்களுக்குப் புரியப் போறதில்ல. மழை வந்து பேசிக்கட்டும்" என்றாள். சரிவின் அடியில் என் பக்கம் ஒரு வாளி, அவள் பக்கம் ஒரு வாளி என்று இரண்டு வாளிகளை மட்டும் புதைத்து வைத்தாள்.

பத்தாம் நாள் மழை வந்தது, வந்து நாலு நாள் தங்கிற்று. வீட்டுக்குள் துணி காயவில்லை, உன் பழைய சைக்கிளின் மணி துருப்பிடித்து அதுவாகவே ஒருமுறை அடித்தது, அதையெல்லாம் விடு. மூன்றாம் நாள் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே சாலையில் பஸ் ஹாரன் கேட்டது, விடாமல் கேட்டது. என் பழைய பஸ்ஸின் குரல் எனக்குத் தெரியாதா, மூன்றாவது வளைவில் நிற்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டு இறங்கினேன். என்னிடம் கண்டக்டராக இருந்தானே ஒல்லிக்குச்சி, அவன்தான் இப்போது அந்த வண்டிக்கு டிரைவர். வளைவு முழுக்கச் சேறு, சக்கரம் முக்கால்வாசி முங்கி நிற்கிறது, அவன் கீழே இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துக் கத்துகிறான்: "எந்த மகராசன் தோட்டத்து மண்ணுய்யா இது? ரோட்டுல கொண்டாந்து கொட்டறதுக்கு, வீட்டுக்குள்ள வெச்சுத் தாலாட்ட வேண்டியதுதானே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அது என் வசனம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதே வளைவில், அதே சேற்றில் நின்று, சக்கரத்தைப் பார்த்து நான் கத்தியது. பையன் ஒரு எழுத்து மாற்றாமல் பாடம் செய்து வைத்திருக்கிறான்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்து மேட்டைப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அந்த வளைவில் நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை, டிரைவருக்குச் சாலையில்தானே கண். மதில் சுவர், புதர், அதற்கு மேலே ஒரு பப்பாளி மரம். எங்கேயோ பார்த்த பப்பாளி. பிறகு சாலையைப் பார்த்தேன். வளைவின் ஒரு பாதியில்தான் சேறு கிடந்தது. மற்ற பாதி மழையில் கழுவின தார் கறுப்பாக, சுத்தமாக, நான் என் பஸ்ஸைக் கழுவி நிறுத்துவேனே அப்படி இருந்தது. நடுவில் யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு நேர் மேலேதான் என் முழங்கால் உட்கார்ந்த இடம்.

வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு ஏறினேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். என் பாதியில் நான் போட்ட நேர்க்கோடுகளெல்லாம் வாய்க்கால்களாகி இருந்தன, புல் அதில் படகு மாதிரி மிதந்து போயிருந்தது, வாழைக்கெல்லாம் வேர் வெளியே தெரிந்து, நீ சொல்வாயே ஈறு கரைந்த பல் என்று, அப்படி நின்றன. என் வாளியில் பால் கூடின டீ. உன் அம்மாவின் பாதியில் ஒரு செடி அசையவில்லை, அவள் வாளித் தண்ணீரில் என் விரல் நகம் தெரிந்தது. என் பக்கம் தண்ணீர் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி எங்கும் நிற்காமல் போயிருக்கிறது, அவள் பக்கம் ஒவ்வொரு புல் வரிசையிலும் நின்று, இறங்கி, மண்ணுக்குள் போயிருக்கிறது. சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன். முழு விரலும் போயிற்று. அந்தச் சரிவில் என் விரல் மண்ணுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

இனி சொல்லப் போவதைப் படித்துவிட்டு உன் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லாதே. நான் வேலையில் இருந்தபோது வார விடுமுறை நாட்களில் என்ன செய்வேன், நினைவிருக்கிறதா? அந்த நிலத்தைக் கொத்தி, கூட்டி, இலையைக் கொளுத்தி, சலவை செய்த மாதிரி வைப்பேன். மழை பெய்த மறுநாள் காலை வளைவில் சேறு கிடக்கும், இறங்கி நின்று கத்துவேன். மேட்டு வீட்டு வாத்தியார் நிலத்து மண்தான் என்று நானாக முடிவு செய்து, இருபது வருஷம் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. (மழை விட்டதும் போய்ச் சொன்னேன். மனுஷர் பயந்து ஓரடி பின்னால் போய்விட்டார்.) இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அதற்கு மறுநாள் சாலை ஆய்வாளர் கையில் ஃபைலோடு நம் வீட்டுக்கு வந்தார். வளைவில் மண் சரிவது பற்றிப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனு வந்திருக்கிறது, இப்போதுதான் மேஜைக்கு வந்தது, மேலே இருக்கும் நிலம் யாருடையது என்று கேட்டார். மனுவை எடுத்து வாசித்தும் காட்டினார். "மேற்படி வளைவுக்கு மேலே உள்ள பொறுப்பற்ற நில உரிமையாளரைக் கண்டுபிடித்துத் தக்க புத்தி புகட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மாதிரித் தமிழ் நம் வீட்டில் ஒருவருக்குத்தான் வரும். நான் சுவரைப் பார்த்தேன். உன் அம்மா அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அந்த உரிமையாளர் இவருதாங்க. மனு எழுதினவரும் இவருதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மெஷினைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. ஆய்வாளர் புத்தி புகட்ட வேண்டிய அவசியமில்லை, புகட்டியாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார் போலிருக்கிறது.

மறுநாளே வளைவுக்குப் போய்ச் சேற்றைச் சாக்குகளில் அள்ள ஆரம்பித்தேன். ஒல்லிக்குச்சி பஸ்ஸை நிறுத்தி என்னவென்று கேட்டான், சொன்னேன். பஸ்ஸுக்குள்ளே திரும்பி, "மகராசன் கிடைச்சிட்டாருப்பா" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் நல்லவன், சாக்குகளைப் பஸ்ஸில் ஏற்றி மேலே நம் நிறுத்தம் வரை கொண்டு வந்து கொடுத்தான், சட்டம் சட்டம்தான் அண்ணே என்று கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட்டும் கிழிக்க வைத்தான். நம் மண் டிக்கெட் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது, யார் வீட்டில் நடக்கும் இது. உன் அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷத்து மண் கொஞ்சம் வந்தது, மற்ற முப்பது வருஷத்து மண் ஆற்றோடு போய்க் கடலில் இருக்கும், அதற்கு எந்தப் பஸ்ஸும் கிடையாது என்றாள். என் பாதி தேற நாலைந்து வருஷமாவது ஆகுமாம். சும்மா உனக்கு இனிப்பாக எழுத விருப்பமில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

செத்த நிலம் என்று நான் சொன்னேனே, அது தப்பு. அது சாகவில்லை. முப்பத்தோரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து என் சக்கரத்துக்கடியில் படுத்திருக்கிறது, நான் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போய், அதையே திட்டிவிட்டு வந்திருக்கிறேன். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, துக்கமாகவும் இருக்கிறது. உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வாயால் கேட்டது போதாது என்று சொல்லி அந்த மூன்று குச்சியை என் கையில் கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் கத்தரிக்கோல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு வைக்கிறேன், அவள் பின்னாலேயே வந்து "வளைங்க, இன்னும் வளைங்க" என்கிறாள், நானும் வளைக்கிறேன். முழங்காலுக்கு ஒரு முக்காலி போட்டுத் தந்திருக்கிறாள், நகர்த்தி நகர்த்தி நடுகிறேன்.

ஆகவே அந்தக் காகிதம். லாரிக்காரர் மாதக் கடைசிக்குள் கேட்கிறார். நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக் கூடாது, அது உன் பங்கும்கூட என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்ல மாட்டாள். நான் சொல்வேன், எனக்கு எப்போது அவள் பேச்சைக் கேட்டுப் பழக்கம். கையெழுத்துப் போடாதே, மகளே. போட்டிருந்தால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. கெட்டிக் காகிதம், சட்டைக்கு அளவு வெட்ட ஆகும் என்று தையல் மேஜையில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது, ஒதுக்கியவள் யார் என்று நான் எழுதவில்லை.

காலையில் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடாதே, பிறர் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் உன் பல்லுக்கும் ஏதாவது வேலை கொடு. நனைந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அலையாதே. உன் ஜன்னலில் இருக்கும் தொட்டிச் செடி உதிர்க்கும் இலையைக் குப்பைத் தொட்டியில் போடாதே, அதன் காலடியிலேயே போடு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொள், நான் அப்படித்தான் பழகுகிறேன். நீ அடுத்த மழைக்கு முன்னால் வந்தால் உன் சுண்டுவிரலையும் அந்த மண்ணில் விட்டுப் பார்க்கலாம், அவள் பக்கத்தில். என் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் வயதாக வேண்டும். நீ நிற்கும் இடமெல்லாம் உன் காலுக்கடியில் கெட்டியாக இருக்கட்டும், நல்லது எல்லாம் உன்னிடத்தில் நின்று நிதானமாக இறங்கட்டும் என்று உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். காகிதத்தை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மூன்றாவது வளைவுக்கு மேலே உள்ள
பொறுப்பற்ற நில உரிமையாளர்,
உன் அப்பா